பரணில் கிடைத்த 1968 ஸ்பூல் நாடாக்கள்: இடக்காதில் நாதஸ்வரம், வலக்காதில் என்னவென்று தெரியாத ஒலி

கேள்வி: மலைரயில், குன்னூர்

அனைவருக்கும் வணக்கம். 1960-களின் பிற்பகுதியில் என் அப்பாவும் பெரியப்பாவும் அவர்களுடைய பள்ளித் தோழர்கள் இருவரும் சேர்ந்து குன்னூரில் ஒரு ராக் குழு வைத்திருந்தார்கள். அப்பா கிட்டார், பெரியப்பா டிரம்ஸ். எஸ்டேட் கிளப்புகளிலும் சீசன் நேரத்து நடனங்களிலும் பள்ளி விழாக்களிலும் வாசித்ததோடு சரி, இசைத்தட்டு எதுவும் வெளியிடவில்லை. ரேடியோ சிலோனில் பீட்டில்ஸ், ஷேடோஸ், கிளிஃப் ரிச்சர்ட் பாட்டுகளை இரவில் கேட்டு, மறுநாள் நினைவிலிருந்து வாசித்துப் பார்த்து, விட்டுப்போன இடத்துக்காக அதே பாட்டு மறுபடியும் ஒலிபரப்பாகும்வரை காத்திருந்து கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) வாங்கப் பணமில்லாத முதல் வருடத்தில், வால்வு ரேடியோவின் முதுகில் கிராமபோனுக்காக விட்டிருக்கும் துளையில் கிட்டார் வயரைச் செருகி வாசித்ததாகப் பெரியப்பா சொல்வார். அப்பா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பெரியப்பாவுக்கு 78 வயது, கோத்தகிரியில் இருக்கிறார்.

சென்ற மாதம் பரணை ஒழித்தபோது பழைய ஒட்டுப்பலகை டீப்பெட்டி ஒன்று கிடைத்தது. உட்புறம் முழுவதும் அலுமினியத் தாள் ஒட்டிய, தேயிலை ஏற்றுமதி செய்யும் பெட்டி. அதில் ஒலிநாடா சுற்றிய ஐந்து அங்குல ஸ்பூல்கள் 9 இருந்தன. நான்கின் ஓரங்களில் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. இரண்டில் ஊறுகாய்ச் சாடியைத் திறந்தது போல் புளித்த வாடை அடிக்கிறது. ஓர் அட்டைப்பெட்டியின் மேல் அப்பாவின் கையெழுத்தில் ‘சீசன் 68’ என்று இருக்கிறது. இன்னொன்றில் ‘அத்தை கல்யாணம்’.

அப்பாவின் கிரண்டிக் ஒலிப்பதிவு இயந்திரம் சுற்றவில்லை. நண்பர் ஒருவர் ஸ்டீரியோ ஸ்பூல் இயந்திரம் ஒன்றை இரவல் தந்திருக்கிறார். குழுவின் நாடாவில் கை வைக்கப் பயந்து, முதலில் கல்யாண நாடாவை மாட்டினேன். இடது ஒலிபெருக்கியில் நாதஸ்வரமும் தவிலும் தெளிவாகக் கேட்டன. வலதில் இனம்புரியாத ஓர் ஒலி: யாரோ மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசுவது போலவும், தட்டொலி ஒன்று மெல்ல எழும்பி எழும்பி டக்கென்று அறுபடுவது போலவும் இருந்தது. 40 நொடிகளில் நிறுத்திவிட்டேன்.

அந்த ஒலி எதுவாக இருக்கும்? நாடாக்களை எந்த வரிசையில் கையாள வேண்டும்? எல்லாவற்றையும் தொகுத்துப் பெரியப்பாவுக்கும், இப்போது உயிருடன் இல்லாத மற்ற இருவரின் குடும்பங்களுக்கும் தர வேண்டும் என்பது என் ஆசை. ஒரு வேதனையையும் சொல்லிவிடுகிறேன். இதே குழுவின் ஒரு ஸ்பூலைச் சில ஆண்டுகளுக்கு முன் அப்பா ஒரு கடையில் கொடுத்துக் கணினியில் ஏற்றி வாங்கினார். இரைச்சலை நீக்கியிருக்கிறோம் என்றார்கள். பாட்டு தண்ணீருக்கு அடியில் பாடுவது போல இருக்கிறது. பாட்டுகளுக்கு நடுவே இருந்த பேச்சையெல்லாம் வெட்டிவிட்டார்கள். மூல ஸ்பூலும் திரும்பி வரவில்லை. இரண்டாம் முறை அப்படி ஒன்று நடக்கக் கூடாது.

பதில்: பாட்டுப்பெட்டி, கோவை

வணக்கம். பழைய நாடாக்களை ஓடவிடும் முன் குறைந்த சூட்டில் அடுப்பில் வைத்து உலர்த்த வேண்டும் என்று படித்திருக்கிறேன். சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம் வைத்தால் ஒட்டும் தன்மை போய்விடும். ஒலிப்பதிவுக் கூடங்களே இதைச் செய்கின்றன. உங்கள் ஊர் ஈரத்துக்கு அது இன்னும் அவசியமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பதில்: குறிஞ்சி, கொடைக்கானல்

மலைரயில் அவர்களே, தயவுசெய்து எந்த நாடாவையும் அடுப்பில் வைக்காதீர்கள். கோவை நண்பர் நல்லெண்ணத்தோடு சொன்ன முறை உண்மையானதுதான்; ஆனால் அது வேறொரு நோய்க்கான மருந்து. 1970-களின் நடுவிலிருந்து 1980-கள் வரை வெளிவந்த பாலியெஸ்டர் நாடாக்கள் பலவற்றில், காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பாலியூரிதேன் பசை ஈரத்தை உறிஞ்சிக் கொழகொழத்துப் போகிறது. அந்த நாடாக்களைத்தான் வெப்பம் துல்லியமாகக் கட்டுப்படும் அடுப்பில் உலர்த்துகிறார்கள். உங்களிடம் இருப்பவை 1960-களின் வீட்டு உபயோக நாடாக்கள். அவற்றில் சில நிச்சயம் அசிடேட், அதாவது பாலியெஸ்டருக்குப் பதில் அசிடேட் பிளாஸ்டிக்கில் செய்தவை. அசிடேட் நாடாவைச் சூடாக்கினால் அது சுருண்டு, வளைந்து, அப்பளம் போல நொறுங்கும்.

எது அசிடேட் என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஸ்பூலைப் பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நாடாக் கட்டின் ஊடாகப் பழுப்பு வெளிச்சம் கசிந்தால் அசிடேட். கறுப்பாக அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் பாலியெஸ்டர். அசிடேட் அறுந்தால் கத்தரித்தது போலச் சுத்தமாக அறும், ஒட்டுவது சுலபம். பாலியெஸ்டர் அறுவதற்கு முன் இழுபட்டு நீளும். நீண்ட இடத்தில் இருந்த இசை திரும்பாது. ஆகவே இரண்டையும் வேகமாகச் சுற்றவிடக் கூடாது. முதல் முறை முன்னோக்கி ஓட்டும் பொத்தானில் அல்லாமல், கையால் நிதானமாகவே ஒரு முறை மறு ஸ்பூலுக்கு மாற்றுங்கள். பழைய ஒட்டுகள் காய்ந்து விட்டுப்போகும் இடங்கள் அப்போதே தெரிந்துவிடும்.

பூஞ்சணம் பிடித்த நான்கையும் இன்றே தனியறையில் வையுங்கள். நல்ல ஸ்பூல்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், அவற்றைக் கையாளும்போது முகக்கவசம் அணியுங்கள். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சில வாரங்கள் வைத்தால் பூஞ்சணம் காய்ந்து பொடியாகும். பிறகு திறந்த வெளியில் மென்மையான தூரிகையால் தட்டிவிடலாம். எங்கள் மலையிலும் உங்கள் மலையிலும் மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே நடமாடுகிற மாதங்களில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பனிக்காலத்து வறண்ட வெயில்தான் இதற்கு ஏற்றது.

இப்போது அந்த வலக்காது ஒலி. என் கணிப்பு சரியென்றால், உங்களுக்குப் பெரிய நல்ல செய்தி இருக்கிறது. உங்கள் அப்பாவின் இயந்திரம் அரைத்தட மோனோ வகையாக இருந்திருக்க வேண்டும். நாடாவின் மேல் பாதியில் ஒரு பக்கம், ஸ்பூலைத் திருப்பிப் போட்டால் கீழ்ப் பாதியில் மறுபக்கம். ஒவ்வொரு தடமும் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று அதிக அகலம். பிற்பாடு அதே நாடாவில் கல்யாணத்தைப் பதிந்தவர் கால்தட இயந்திரத்தைப் பயன்படுத்தியிருக்கிறார். அதில் நாடா நான்கு தடங்களாகப் பிரிகிறது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அந்த இயந்திரத்தில் நாடாவைத் தொட்டுப் பழைய பதிவை அழிக்கும் ஹெட்டும் அதே ஒரு மில்லிமீட்டரைத்தான் அழித்திருக்கும். கல்யாணம் முதல் தடத்தில் ஏறியது. நாடாவைத் திருப்பிப் போட்டபோது நான்காம் தடத்தில் ஏறியது. நடுவில் இருக்கும் இரண்டு தடங்களின் மேல் யாரும் கை வைக்கவே இல்லை. நீங்கள் இப்போது ஓட்டிய இயந்திரத்தின் இடது ஹெட் முதல் தடத்தையும், வலது ஹெட் மூன்றாம் தடத்தையும் படிக்கின்றன. மூன்றாம் தடம் பழைய பதிவின் கீழ்ப் பாதிக்குள் விழுகிறது. அது மறுபக்கம் என்பதால் பின்னிருந்து முன்னாக ஓடுகிறது. மெல்ல எழும்பி அறுபடும் அந்தத் தட்டொலி, என் கணிப்பில், உங்கள் பெரியப்பாவின் சிம்பல்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வலது ஒலியை மட்டும் கணினியில் பதிந்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். பிறகு ஸ்பூலைத் திருப்பிப் போட்டு அதையே செய்யுங்கள். அப்போது வலது ஹெட் இரண்டாம் தடத்தைப் படிக்கும், முதல் பக்கம் கிடைக்கும். மூலப் பதிவின் பாதி அகலத்தைத்தான் படிக்கிறோம் என்பதால் இரைச்சல் சற்றுக் கூடுதலாக இருக்கும். பாட்டு முழுமையாக இருக்கும்.

பதிவதற்கு முன் மூன்று காரியங்கள். முதலாவது, ஹெட்டுகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காந்தநீக்கியால் காந்தம் போக்குங்கள். இரண்டாவதாக, ஹெட்டின் சாய்கோணம் ஒவ்வொரு ஸ்பூலுக்கும் தனித்தனியாகச் சரிசெய்யப்பட வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் கூட. ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகை மிக மிகச் சிறிதாகத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். சிம்பலின் ஒலி மந்தமாக இருந்து, ஒரு புள்ளியில் பளிச்சென்று திறக்கும், மறுபடி மந்தமாகும். அந்தப் புள்ளியில் நிறுத்துங்கள். பலரும் மென்பொருளில் உயர் அலைவரிசையை ஏற்றி ஏற்றித் தேடுகிற தெளிவு பெரும்பாலும் இந்தத் திருகில்தான் இருக்கிறது, இங்கே தவறவிட்டால் பிறகு எங்கேயும் கிடைக்காது. மூன்றாவது, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபிக்குச் சற்று அதிகம் ஆகும். ஐந்து அங்குல ஸ்பூலில் 600 அடி நாடா இருந்தால், நொடிக்கு 9.5 சென்டிமீட்டர் வேகத்தில் ஒரு பக்கம் 32 நிமிடம் ஓடும். கணக்குப் போட்டால் ஒன்பது ஸ்பூலும் ஒரு சிறிய பென்டிரைவில் அடங்கிவிடும், எனவே இடத்தை மிச்சப்படுத்த எம்பி3 ஆக்க வேண்டிய காரணமே இல்லை.

பதில்: இந்து நகர், ஊட்டி

மலைரயில் தம்பிக்கு வணக்கம். நான் இங்கே ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒலிநாடாவைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் அந்தப் புளித்த வாடை எனக்குப் பழக்கமானது. அசிடேட் அடிப்படையில் செய்த படச்சுருளும் ஒலிநாடாவும் ஒரே விதமாகத்தான் கெடுகின்றன. ஈரமும் சூடும் பட்டு அசிடேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. காடியில் இருக்கும் அதே அமிலம். அந்த அமிலமே மிச்சமிருக்கும் அசிடேட்டை இன்னும் வேகமாகச் சிதைக்கிறது. தொடங்கியதை நிறுத்த முடியாது, மெதுவாக்கத்தான் முடியும்.

உங்கள் டீப்பெட்டியைப் பற்றிப் படித்ததும் ஒன்று தோன்றியது. தேயிலை ஈரம் இழுக்காமல் இருக்கத்தான் அந்த அலுமினியத் தாளை ஒட்டினார்கள், இத்தனை வருட மழையில் உங்கள் நாடாக்களை அது ஓரளவு காப்பாற்றியிருக்கும். ஆனால் அதே தாள் அமில ஆவியையும் வெளியேறவிடாமல் உள்ளேயே அடைத்து வைத்திருக்கிறது. இரண்டு ஸ்பூலில் வாடை அடித்தால், மற்ற ஏழும் அந்த ஆவியைச் சுவாசித்துக்கொண்டே இருந்திருக்கின்றன என்று பொருள். ஆகவே எல்லாவற்றையும் பெட்டியை விட்டு வெளியே எடுத்து, காற்றோட்டமுள்ள, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். வாடை அடிக்கும் இரண்டையும் எல்லாவற்றுக்கும் முன்னால் பதிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அவை காத்திருக்காது. நாடாவின் ஓரம் அலையலையாக வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் தாமதிக்க நேரமில்லை. பழைய அட்டைப்பெட்டிகளை எறிந்துவிடாதீர்கள், தம்பி. அப்பாவின் எழுத்து அதில்தான் இருக்கிறது. தனியாக எடுத்து வையுங்கள்.

பதில்: மலைரயில், குன்னூர்

அனைவருக்கும் நன்றி. ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

இந்து நகர் அம்மா சொன்னபடி வாடை அடித்த இரண்டையும் முதலில் முடித்தேன். ஒன்றில் ஓரம் வளைந்திருந்ததால் ஒலி அவ்வப்போது மங்குகிறது. என்றாலும் 28 நிமிடங்கள் கிடைத்தன. மொத்தம் ஐந்து ஸ்பூல்கள் முடிந்துவிட்டன. பூஞ்சணம் பிடித்த நான்கும் சிலிக்கா ஜெல்லோடு காத்திருக்கின்றன.

கல்யாண நாடாவைப் பற்றிக் கொடைக்கானல் ஐயா சொன்னது ஒவ்வொரு எழுத்தும் பலித்தது. வலது ஒலியைத் திருப்பிப் போட்ட இரவு எட்டரை மணி. முதலில் இரைச்சல். பிறகு தகரக் கூரையில் பெரிய மழை. அந்த மழைக்குள் அப்பாவின் குரல் ‘ஒன், டூ, த்ரீ’ என்று எண்ணியது. 22 வயதுக் குரல்; நான் கேட்டறியாத குரல், ஆனாலும் உடனே தெரிந்தது. பாட்டு பாதியில் வேகம் கூடிக்கொண்டே போகிறது. அப்போது, பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடைவெளியில், மைக்குக்குச் சற்று அப்பாலிருந்து அப்பா ‘மெதுவா அண்ணா, மெதுவா’ என்கிறார். மறுநாள் கோத்தகிரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். பெரியப்பா இரண்டு முறை கேட்டார். ‘அவன் எப்பவும் அதைத்தான் சொல்வான்’ என்று மட்டும் சொன்னார்.

மூன்று கேள்விகள் எழுந்திருக்கின்றன. பாட்டு சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று எப்படி அறிவது? பெரியப்பா, ‘இது கொஞ்சம் மேலே நிற்கிறது’ என்கிறார். இரண்டாவதாக, இந்த நாடாவில் இருக்கும் நிகழ்ச்சி எது? ‘சீசன் 68’ என்ற அட்டைக்குள் இருந்தது வேறொரு ஸ்பூல். ஆனால் அதிலும் அதே மழை, அதே மண்டபத்து எதிரொலி. நான் மே மாதம் என்று நினைத்திருந்தேன். கடைசியாக, அந்த மழையை நீக்கலாமா?

பதில்: இரண்டாம் சீசன், வெலிங்டன்

வேகத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும். காலத்தைப் பற்றி நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அந்த ஆண்டுகளில் நான் இந்த ஊர்களில் பள்ளி மாணவன். நீலகிரியில் சீசன் என்றால் ஒன்றல்ல, இரண்டு. ஏப்ரல், மே மாதங்களில் வருவது முதல் சீசன். செப்டம்பர், அக்டோபரில் வருவது இரண்டாம் சீசன். வெளியூர்க்காரர்கள் முதலாவதை மட்டும் சீசன் என்பார்கள், நாங்கள் இரண்டையும் சொல்வோம். குன்னூருக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அக்டோபரிலும் நவம்பரிலும்தான் தகரக் கூரையின் கீழே பேசுவது காதில் விழாது. கோடையிலும் இடியோடு மழை பெய்வதுண்டு, ஆனால் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். உங்கள் நாடாவில் இரண்டு பக்கமும் மழை விடாமல் பெய்கிறதா என்று கவனியுங்கள்.

இன்னொரு சாட்சி பாட்டுப் பட்டியல். ஒரு பாட்டு உலகில் வெளியான தேதிக்கு முன் அதை யாரும் வாசித்திருக்க முடியாது. உதாரணமாக, பீட்டில்ஸின் ‘ஹே ஜூட்’ 1968 ஆகஸ்ட் கடைசியில் வெளியானது. அது உங்கள் நாடாவில் இருந்தால் மே மாதக் கணக்கு அங்கேயே முடிந்தது. அட்டையில் இருக்கும் எழுத்தைவிட நாடாவுக்குள் இருக்கும் பாட்டையே நம்புங்கள். ஸ்பூல்கள் அட்டை மாறுவது எல்லா வீட்டிலும் நடப்பது.

பதில்: குறிஞ்சி, கொடைக்கானல்

வெலிங்டன் ஐயாவின் தர்க்கம் அருமை. நான் வேகத்துக்கு வருகிறேன்.

வால்வுப் பெருக்கியும் மின்சார கிட்டாரும் இருந்த மேடையில் மின்சாரத்தின் ரீங்காரம் கட்டாயம் பதிவாகியிருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பாட்டு தொடங்கும் முன் இருக்கும் அமைதியான சில நொடிகளைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளின் அலைவரிசைப் படத்தில் 50-க்கு அருகில் நிற்கும் முனையைப் பாருங்கள். 100, 150 ஆகிய இடங்களிலும் அதன் மடங்குகள் நிற்கும். அது 51.3-இல் நின்றால் நாடா சுமார் 2.6 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். அரைச் சுருதியில் பாதிகூட இல்லை, ஆனால் டிரம்ஸ் வாசித்தவரின் காதுக்குத் தெரிந்துவிடும். ஓர் எச்சரிக்கை: நீங்கள் ஓட்டும் இயந்திரத்துக்கும் சொந்தமாக ஒரு ரீங்காரம் உண்டு. நாடா இல்லாமல் வெறுமனே பதிந்து பார்த்து, அதைக் கணக்கிலிருந்து விலக்குங்கள். அந்நாளைய மின்விநியோகமும் எப்போதும் சரியாக 50-இல் நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே இரண்டாம் சாட்சி வேண்டும். கிட்டாரின் ஐந்தாம் கம்பி, சுருதி சேர்ந்திருந்தால், 110 ஹெர்ட்ஸ். அது 113-க்கு அருகில் கேட்டால் இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகின்றன. மண்டபத்தில் பியானோ இருந்ததா, அதற்குச் சுருதி சேர்த்தார்களா என்று பெரியப்பாவிடம் கேளுங்கள். பியானோ எல்லாவற்றையும்விட நம்பகமான சாட்சி.

மழையைப் பற்றி என் கருத்தைத் திட்டமாகவே சொல்கிறேன்: நீக்காதீர்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருள், நீங்கள் காட்டும் சில நொடி இரைச்சலை மாதிரியாக வைத்துக்கொண்டு, அதே அலைவரிசைகளைப் பாட்டு முழுவதும் குறைக்கிறது. தகரக் கூரை மழை எல்லா அலைவரிசையிலும் பரவி நிற்கும் ஒலி. சிம்பலும் அப்படியே, ‘ஸ’, ‘ஷ’ என்று முடியும் எழுத்துகளும் அப்படியே. மழையை எடுத்தால் அவையும் சேர்ந்து போகும். மிஞ்சும் துணுக்குகள்தான் அந்தத் தண்ணீருக்கடி ஒலி. முன்பு கடையில் நடந்தது அதுதான். உங்கள் அப்பா மைக்குக்கு அப்பாலிருந்து சொன்ன இரண்டு சொற்கள் மழையின் அளவுக்கே நிற்கின்றன என்றால், இரைச்சல் நீக்கி அவற்றையும் மழை என்றே எடுத்துக்கொள்ளும். ரீங்காரத்தை மட்டும் குறுகிய வடிகட்டியால் எடுங்கள், வெடிப்பொலிகளை ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்யுங்கள், வளைந்த ஓரத்தால் மங்கும் இடங்களில் ஒலியளவைச் சற்று உயர்த்துங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

இப்போது குரலையும் வாத்தியங்களையும் பிரித்தெடுக்கும் இயந்திரக் கற்றல் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. 2023-இல் வெளியான பீட்டில்ஸின் கடைசிப் பாட்டில், ஜான் லெனன் 1970-களில் பியானோவோடு வீட்டு கேசட்டில் பாடி வைத்த குரலை அப்படித்தான் பிரித்தார்கள். நீங்களும் முயலலாம், தவறில்லை. ஆனால் அந்தக் கோப்பைத் தனிப் பெயரில் வையுங்கள். உங்கள் நாடாவில் பக்கத்துத் தடத்திலிருந்து தவில் லேசாகக் கசிந்திருக்கும். அந்த மென்பொருள்கள் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரிக்கப் பழக்கப்பட்டவை, தவிலையும் டிரம்ஸ் கணக்கில் சேர்த்துப் பெரியப்பாவின் வாசிப்போடு கலந்துவிடக்கூடும்.

எல்லாவற்றையும் தொகுத்துத் தர ஆசை என்று எழுதியிருந்தீர்கள். பீட்டில்ஸ் 1962 டிசம்பரில் ஹாம்பர்க் ஸ்டார் கிளப்பில் வாசித்ததை ஒருவர் கிரண்டிக் வீட்டு இயந்திரத்தில், உங்கள் நாடாவின் அதே 9.5 சென்டிமீட்டர் வேகத்தில் பதிந்தார். அது 1977-இல் இசைத்தட்டாக வந்தது. 1963 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஸ்டோ பள்ளியில் அவர்கள் வாசித்ததை அந்தப் பள்ளியின் 15 வயது மாணவர் ஒருவர் பதிந்து வைத்திருந்தார்; அப்படி ஒரு நாடா இருப்பது 2023-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. பி.பி.சி. தன் நிகழ்ச்சிப் பதிவுகள் பலவற்றைப் பாதுகாக்கவில்லை. 1994-இல் அவற்றைத் தொகுத்தபோது, நேயர்கள் வானொலியிலிருந்து வீட்டில் பதிந்து வைத்திருந்த நாடாக்களும் கைகொடுத்தன. உலகமே அறிந்த குழுவுக்கே இப்படி என்றால், நம் நாட்டுக் குழுக்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. சிகரெட் நிறுவனம் நடத்திய சிம்லா பீட் போட்டியின் 1970, 1971 இசைத்தட்டுகளில் இடம்பெற்ற குழுக்களின் பாட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. மலையில் கிளப் நடனங்களுக்கு வாசித்தவர்களின் இசை இருப்பதெல்லாம் உங்கள் வீட்டில் இருந்தது போன்ற பெட்டிகளில்தான்.

ஆகவே ஒரே பாட்டின் நான்கு பதிவுகள் கிடைத்தால் சிறந்த ஒன்றை மட்டும் வைத்து மற்றவற்றை விட்டுவிடாதீர்கள். குடும்பங்களுக்குக் கொடுக்க ஒரு மணி நேரத் தேர்வு ஒன்று செய்யுங்கள். முழுப் பதிவுகள் அத்தனையும், பாட்டுக்கு நடுவே இருக்கும் பேச்சு, சுருதி சேர்ப்பது, நாற்காலி நகர்வது உட்பட, தொடாமல் தனியாக இருக்கட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு குறிப்பு எழுதுங்கள்: எந்த ஸ்பூல், எந்தத் தடம், எந்த இயந்திரம், வேகத்தை எவ்வளவு மாற்றினீர்கள், யார் வாசிக்கிறார்கள். கடைசி விவரத்தைச் சொல்லக்கூடியவர் உங்கள் பெரியப்பா ஒருவர்தான், எனவே அவரோடு உட்கார்ந்து கேட்பதை முதல் வேலையாக வையுங்கள். மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். நாதஸ்வரப் பதிவையும் அதே மரியாதையோடு காப்பாற்றுங்கள். இணையத்தில் ஏற்றும் எண்ணம் இருந்தால், வாசித்தது உங்கள் குடும்பமாக இருந்தாலும் பாட்டுகளை இயற்றியவர்களின் உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். வீட்டுக்குள் கேட்பதற்குத் தடையில்லை.

பதில்: மலைரயில், குன்னூர்

ஐயா, ரீங்காரம் 51.2-இல் நிற்கிறது. ஐந்தாம் கம்பி 112.7. வேகத்தைக் குறைத்து மறுபடி பெரியப்பாவுக்கு அலைபேசியில் போட்டுக் காட்டினேன்; ‘இப்ப சரி’ என்றார். மண்டபத்தில் பியானோ இருந்ததாம், அதற்குத்தான் சுருதி சேர்த்தார்களாம், இரண்டு கட்டைகள் ஒலிக்காதாம்.

வெலிங்டன் ஐயாவுக்கு: மழை இரண்டு பக்கமும் ஓயவில்லை. ‘ஹே ஜூட்’ இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு. கூட்டமே சேர்ந்து பாடுகிறது, நாடா தீர்ந்து நடுவில் நிற்கிறது. மே மாதம் என்று எழுதி வைத்திருந்த குறிப்பை ‘1968 இரண்டாம் சீசன் அல்லது அதற்குப் பிறகு’ என்று திருத்திவிட்டேன்.

மழை அப்படியே இருக்கும். பூஞ்சணம் பிடித்த நான்கில் முதல் ஸ்பூல் காய்ந்து தயாராக இருக்கிறது. பெரியப்பா வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அவர் வந்த பிறகே அதை மாட்டுவேன்.